அம்மாவைப் பழக்கிய செந்நாய்க்குட்டி

ஆற்றங்கரை மூங்கில் காட்டில் ஒரு செந்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. அதில் குன்றி என்று ஓர் இளம் தாய். அவளுக்கு ஒரே ஒரு குட்டி. அதன் பெயர் துடுக்கன்.

துடுக்கனுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். கடிப்பது.

பசித்தால் கடிப்பான். வயிறு நிறைந்தால் அந்தச் சந்தோஷத்தில் கடிப்பான். தூக்கம் வந்தால் கடிப்பான். தூங்கி எழுந்ததும், எழுந்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்லக் கடிப்பான். கடிக்க யாரும் கிடைக்காவிட்டால் தன் வாலையே சுற்றிச் சுற்றித் துரத்திப் பிடித்துக் கடித்து, கடித்தது யார் என்று தெரியாமல் கோபப்படுவான்.

அவனிடம் அதிகம் கடிபட்டது அவன் சித்தி மஞ்சாடி. கூட்டம் வேட்டைக்குப் போகும்போது யாராவது ஒருவர் குகையில் தங்கிக் குட்டிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது செந்நாய்களின் வழக்கம். அந்த வேலை மஞ்சாடிக்கு வாய்த்திருந்தது.

"அக்கா, இந்த வாலைப் பாரு" என்று அவள் தினமும் திரும்பி நின்று காட்டுவாள். "நரிக்கே பொறாமை வர்ற வாலா இருந்துச்சு. இப்ப எலி கூடத் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது."

குன்றி மன்னிப்புக் கேட்பாள். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அதுவே பழகிவிட்டது. துடுக்கன் ஒருவரை நோக்கி ஓடத் தொடங்கினாலே போதும், அவன் போய்ச் சேருவதற்குள் இவள் மன்னிப்பு அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அவளுக்கு மகனைக் கண்டிக்க வாய் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. துடுக்கன் பிறந்தபோது மிகவும் சின்னக் குட்டி. பால் குடிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அவன் மூச்சு விடுகிறானா என்று பார்க்க அவள் நொடிக்கொரு தரம் மூக்கை அவன் வயிற்றில் வைப்பாள். அந்தப் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. அவன் கொழுகொழுவென்று ஆகிக் குறட்டை விட்டுத் தூங்கும்போதும், எழுப்பிவிட்டு, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்பாள்.

அப்படிப்பட்ட குட்டி ஒருநாள் அவள் காதை நறுக்கென்று கடித்தது. வேறு தாயாக இருந்தால் உறுமியிருப்பாள். குன்றிக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடிக்கிற அளவுக்கு என் பிள்ளைக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று பூரித்துப் போனாள். உடனே வயிற்றில் இருந்த மான்கறியில் நல்ல துண்டாக ஒன்றைக் கக்கிக் கொடுத்தாள்.

கக்கிக் கொடுப்பதா என்று முகம் சுளிக்க வேண்டாம். செந்நாய்கள் வேட்டைக் கறியை வயிற்றில்தான் சுமந்து வரும். குட்டிகள் ஓடிவந்து வாயோரத்தை நக்கிக் கேட்கும். பெரியவர்கள் கக்கிக் கொடுப்பார்கள். அவர்கள் வீட்டு விருந்து அப்படி.

அன்றிலிருந்து துடுக்கன் நக்கிக் கேட்பதை விட்டுவிட்டான்.

கோடை முடியப் போகிற சமயம் அது. மலைமேல் மேகம் கூடத் தொடங்கியிருந்தது. கூட்டத்தின் தலைவி குன்றியைத் தனியாகக் கூப்பிட்டாள். தலைவி குன்றிக்கு அத்தை முறை. ஒரு காதைக் காட்டுப்பன்றியிடம் பறிகொடுத்தவள். மிச்சமிருந்த ஒரு காதில் எல்லாம் விழும்.

மழை இறங்கிவிட்டால் இந்தக் கரைக் குகைகளில் வெள்ளம் புகுந்துவிடும். மான்கள் எல்லாம் அக்கரைப் புல்வெளிக்குப் போய்விடும். அதற்குள் கூட்டமும் ஆற்றைக் கடந்தாக வேண்டும் என்று அத்தை சொன்னாள். குன்றிக்கும் அது தெரியும். வருஷா வருஷம் நடப்பதுதான்.

"ஆனா இந்த வருஷம் அக்கரை நாணலுக்குள்ள ஒரு புலி குட்டி போட்டிருக்கு" என்றாள் அத்தை. "வெயில் உச்சிக்கு வர்ற நேரத்துல அது படுத்துக் கிடக்கும். அப்ப நாம ஒருத்தர் பின்னால ஒருத்தரா, சத்தமில்லாம போயிடணும். நடுவுல ஒரு குரல் எழும்பினாலும் குட்டிகளை நாம காப்பாத்த முடியாது."

அடுத்து என்ன வரப்போகிறது என்று குன்றிக்குத் தெரிந்துவிட்டது.

"உன் மகன் முன்னால போறவங்க வாலைக் கடிப்பான். கடிபட்டவங்க கத்துவாங்க. மேகம் கருக்கறதுக்குள்ள அவன் வாயைப் பழக்கிடு. முடியலன்னா அவனை வரிசையில சேர்க்க மாட்டேன். நீ அவனோட இங்கேயே இருந்துக்க."

வெள்ளம் புகும் கரையில், மான் இல்லாத காட்டில், ஒரு தாயும் குட்டியும் தனியாக மழைக்காலத்தைத் தாண்ட முடியாது. அத்தைக்கும் அது தெரியும். அதனால்தான் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

குன்றி யோசனை கேட்கக் கிளம்பினாள். காட்டில் வேறு எது பஞ்சமானாலும் யோசனைக்குப் பஞ்சமில்லை.

மரத்தின் மேலிருந்த கருமந்தி, அவன் கடித்தால் காது கிழியக் கத்து, பயந்துவிடுவான் என்றது. குன்றி அப்படியே செய்தாள். துடுக்கன் அசந்துபோய் நின்றான். தன் அம்மாவுக்குள் இப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அவனுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதை இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டு மறுபடி கடித்தான்.

முள்ளம்பன்றி, என் பிள்ளையை யாரும் கடிப்பதில்லை, ஏனென்றால் அவனுக்கு முள் இருக்கிறது, ஆகவே உன் தங்கை வாலுக்கும் முள் வளர்த்துவிடு என்றது. முள்ளம்பன்றி நல்ல மனசோடுதான் சொன்னது.

கழுதைப்புலி, கடித்தால் திருப்பிக் கடி என்றது. குன்றி மெதுவாகத் திருப்பிக் கடித்தாள். துடுக்கன் குதூகலமானான். இத்தனை நாள் தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் அம்மாவும் சேர்ந்துகொண்டாள் என்று இரண்டு மடங்கு கடித்தான்.

ஒவ்வொரு யோசனையும் தோற்ற பிறகு குன்றிக்கு மனசு அடித்துக்கொள்ளும். ரொம்பக் கத்திவிட்டோமோ, பிள்ளை மிரண்டிருப்பானோ என்று தோன்றும். அவன் வயிற்றில் மூக்கை வைத்துப் பார்ப்பாள். அவன் அந்த மூக்கைக் கடிப்பான். அவள் ஒரு கறித்துண்டைக் கொடுத்துச் சமாதானம் செய்வாள்.

ஒருநாள் அவள் புதருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தாள். அந்தப் பக்கம் துடுக்கனும் பொட்டு என்ற குட்டியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொட்டு அத்தையின் மகள். பரம சாது.

"எங்கம்மா நேரம் பார்த்துத்தான் கறி குடுப்பாங்க" என்று பொட்டு குறைப்பட்டுக்கொண்டாள்.

"நீ உங்கம்மாவைப் பழக்கலையா?" என்று துடுக்கன் கேட்டான்.

"பழக்கறதா? அம்மாவையா?"

"பின்னே? தானா வருமா? எங்கம்மாவும் முதல்ல ஒண்ணும் தெரியாமத்தான் இருந்தா. நான்தான் பொறுமையாச் சொல்லிக் குடுத்தேன். கடிச்சா வாய் திறக்கணும். மெதுவாக் கடிச்சா சின்னத் துண்டு. நறுக்குனு கடிச்சா பெரிய துண்டு. இப்ப பாரு, எவ்வளவு நல்லாப் பழகிட்டா."

பொட்டு வியந்துபோனாள். உங்கம்மா புத்திசாலிதான் என்றாள்.

"புத்தி கொஞ்சம் மந்தம்தான்" என்றான் துடுக்கன். "ஆனா ரொம்பப் பாசம். பாசமா இருக்கறவங்களைப் பழக்கறது சுலபம்."

புதருக்கு இந்தப் பக்கம் குன்றி அப்படியே கிடந்தாள். முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுத்தது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று காடெல்லாம் அலைந்தாளே! அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவள் கொடுத்த பாடத்தை ஒரு வரி விடாமல் படித்து வைத்திருந்தான்.

அன்று மாலை துடுக்கன் வழக்கம்போல் வந்து காதைக் கடித்தான். குன்றி கத்தவில்லை. திருப்பிக் கடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்துபோய், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

துடுக்கன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சரியாகக் கடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிவந்து பலமாகக் கடித்தான். அவள் மறுபடி எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். அவன் கால், வால், கழுத்து என்று எல்லா இடத்திலும் முயன்று பார்த்தான். அம்மா எங்கேயோ பழுதாகிவிட்டாள் என்று அவனுக்குப் பட்டது. குகை அதிர அழத் தொடங்கினான்.

"பெத்த பிள்ளையைப் பட்டினி போடறாளே" என்று மரத்தின் மேலிருந்து கருமந்தி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது.

குன்றியின் கண்முன் வந்து நின்றது இந்தக் கொழுத்த குட்டி அல்ல. பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்த அந்தச் சின்னக் குட்டி. கறி தொண்டை வரை வந்துவிட்டது. பற்களைக் கடித்து அதைத் திரும்ப உள்ளே அனுப்பினாள். கடிக்காமல் இருப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அழுது அழுது துடுக்கன் களைத்துப்போனான். விக்கிக்கொண்டே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் முகத்தையே பார்த்தான். பிறகு, வேறு வழி தெரியாமல், அவள் வாயோரத்தை மெல்ல ஒரு தரம் நக்கினான்.

அந்த நொடியே கறி வந்தது. அதுவும் பெரிய துண்டு.

துடுக்கன் கறியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது. கணக்கு எங்கேயோ மாறிவிட்டதே என்று அவன் சாப்பிட்டுக்கொண்டே வெகுநேரம் யோசித்தான்.

அப்புறம் குன்றி அதே வழியைப் பிடித்துக்கொண்டாள். பல் பட்டால் முதுகு. வாய் அமைதியானால் கறி. அவனுக்கு ஈறு தினவெடுப்பதும் அவளுக்குப் புரிந்தது. பல் முளைக்கிற வாய் சும்மா இருக்காது. மான் உதிர்த்த கொம்பு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து போட்டாள். துடுக்கன் அதைக் காலையிலிருந்து இருட்டும்வரை கொறித்தான். கொம்பு கத்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அதனிடம் அவனுக்கு மரியாதை உண்டாயிற்று.

ஆனால் கொஞ்ச நாளில் அவன் மறுபடி பல்லைக் காட்ட ஆரம்பித்தான். முன்பைவிட அதிகமாக. குன்றிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேட்டையிலிருந்து ஒருநாள் சீக்கிரமாகத் திரும்பி வந்தபோது விளங்கியது. மஞ்சாடி குகை வாசலில் உட்கார்ந்து, வாலைத் துடுக்கன் வாயில் கொடுத்துவிட்டு, அவனுக்கு ரகசியமாகக் கறி கக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?" என்றாள் குன்றி.

"பாவம்க்கா. ஏங்கிப் போய் பார்க்கறான். ஒரு கடிதானே, கடிச்சுட்டுப் போறான்னு விட்டேன்."

"உன் வாலுக்காகத்தான்டி நான் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டுத் திரிஞ்சேன்."

"வால் என்னோடதுதானே" என்று மஞ்சாடி முணுமுணுத்தாள்.

குன்றி அவளைத் திட்டவில்லை. அருகில் உட்கார்ந்து மலைப் பக்கம் காட்டினாள். மேகம் யானை நிறத்துக்கு வந்திருந்தது. இவன் வரிசையில் வரவில்லையென்றால் நானும் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். மஞ்சாடி வாலை மெல்ல இழுத்துத் தன் அடியில் மடித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளும் முதுகைக் காட்டக் கற்றுக்கொண்டாள். கண் மட்டும் அவ்வப்போது திரும்பிப் பார்க்கும்.

துடுக்கனுக்குப் புரிந்துபோயிற்று. இந்தக் கூட்டத்தில் யாரையும் இனிமேல் பழக்க முடியாது. அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, அமைதியாக உட்கார்ந்து, வாயோரத்தை நக்கிக் கேட்கத் தொடங்கினான்.

புறப்படும் நாள் வந்தது. அத்தை துடுக்கனை ஏற இறங்கப் பார்த்தாள். தன் வாலை அவன் மூக்குக்கு நேரே மெல்ல ஆட்டினாள். அவன் அதைப் பார்த்தான். கண்கள் வாலோடு இடமும் வலமும் போயின. எச்சில்கூட ஊறியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

"மஞ்சாடிக்குப் பின்னால இவன். இவனுக்குப் பின்னால நீ" என்று அத்தை குன்றியிடம் சொன்னாள்.

உச்சி வெயிலில் வரிசை ஆற்றில் இறங்கியது. தண்ணீர் முழங்கால் அளவுதான். பாறைகள் மேல் மெத்தென்று கால் வைத்துக் கடந்தார்கள். அக்கரையில் நாணல். நாணலுக்குள் ஒற்றையடிப் பாதை. காற்று அவர்கள் முகத்தில் அடித்தது. அவர்கள் வாசம் புலிக்குப் போகாது. பாதி தூரம் வந்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு புலிக்குட்டி சிணுங்கியது.

அத்தை நின்றாள். வரிசை நின்றது. நாணல் இடைவெளியில் மஞ்சள் தலை ஒன்று மெல்ல எழும்பியது.

மஞ்சாடி பயத்தில் விறைத்தாள். அவள் வால்நுனி மட்டும் துடித்தது, சரியாகத் துடுக்கன் மூக்கின் எதிரில். குன்றி அந்த வாலைப் பார்த்தாள். மகனின் காது நிமிர்வதைப் பார்த்தாள். இதோ கடிக்கப் போகிறான், இதோ மஞ்சாடி கத்தப் போகிறாள், இதோ எல்லாம் முடியப் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. அவனைப் பிடித்து நிறுத்திவிட நினைத்தாள். பின்னாலிருந்து அவன் பிடரியைக் கவ்வினாள்.

கவ்வியவளுக்குப் பயத்தில் தாடை இறுகிவிட்டது. பல் தோலுக்குள் இறங்கியது. நாக்கில் ரத்தம் பட்டபிறகுதான், கடிப்பது யார் என்று அவளுக்கு உறைத்தது. விட நினைத்தாள். தாடை கேட்கவில்லை.

துடுக்கன் ஒரு முறை குரல் கொடுத்திருந்தால் போதும். அவன் கொடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டான். திமிறவில்லை, திரும்பவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டியபடி, கல்லைப்போல் அமைதியாக உட்கார்ந்தான். உட்கார்ந்து காத்திருந்தான்.

அவன் மூச்சு சீராக ஏறி இறங்குவது குன்றியின் வாய்க்குள் தெரிந்தது. மெல்ல மெல்ல அவள் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. தாடை தளர்ந்தது. பல் வெளியே வந்தது.

புலி தன் குட்டியை ஒரு நக்கு நக்கியது. கொட்டாவி விட்டது. மஞ்சள் தலை நாணலுக்குள் இறங்கிப் போயிற்று. வரிசை மறுபடி நகர்ந்தது.

நாணலை வெகுதூரம் தாண்டிப் புல்வெளிக்கு வந்து சேர்ந்த பிறகும் குன்றி தலையைத் தூக்கவில்லை. துடுக்கன் அவள் எதிரில் வந்து நின்றான்.

"பயந்துட்டியாம்மா?"

"ஆமாடா."

"அதான் கடிச்சியா?"

"ஆமா."

துடுக்கன் சங்கடத்தோடு சொன்னான்: "நீ கடிக்கிறதை விட்டதும் நான் உனக்குக் கறி குடுத்திருக்கணும். ஆனா என் வயித்துல ஒண்ணுமே இல்லையே."

அத்தையின் ஒற்றைக் காதில் அது விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் புல்வெளி மான்கள் எல்லாம் ஓடிப்போக, அன்றைய வேட்டை தாமதமாயிற்று. குன்றி மகனின் பிடரிக் காயத்தை நக்கிவிட்டாள். வயிற்றில் மூக்கை வைத்து மூச்சைச் சோதிக்க மறந்தே போனாள்.

கடிக்குக் கூலி கொடுத்தால் கடிதான் வளரும், ஆகவே குட்டிக்கு அமைதியைப் பழக்க நினைக்கும் தாய் முதலில் தன் பயத்தை அடக்கப் பழக வேண்டும்.